ஜாஸ்ப் மென்பொருளில் ஒட்டுறவு: எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும், எந்த முடிவை எழுதக் கூடாது

உளவியல் முதுகலை ஆய்வேடு என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வினாத்தொகுப்பு, நூறு நூற்றைம்பது பேர், கடைசியில், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஓர் ஒட்டுறவு அட்டவணை. அந்த அட்டவணைக்காக எஸ்பிஎஸ்எஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளின் உரிமம் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஜாஸ்ப் போதும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் எரிக்-யான் வாகன்மேக்கர்ஸ் தலைமையிலான குழு வளர்த்துவரும் இலவச, திறந்தமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெயரின் முதல் எழுத்து, பேயீசியப் புள்ளியியலின் முன்னோடியான ஹெரால்டு ஜெஃப்ரீஸைக் குறிக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டது அதன் ஒட்டுறவுப் பகுதியை மட்டும், 0.19 பதிப்பை வைத்து. கணக்கில் குறை சொல்ல இடமில்லை. குறை, திறந்தவுடன் கிடைக்கும் அட்டவணையில் இருக்கிறது. அது கெழுவையும் (உறவின் திசையையும் வலுவையும் -1 முதல் 1 வரை சொல்லும் எண்) பி-மதிப்பையும் (உறவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் தருகிறது. ஆய்வேட்டை மதிப்பிடுபவர் கேட்க வேண்டிய மற்ற எல்லாமே நாமாக டிக் போட்டால்தான் வரும். பல ஆய்வேடுகள் அந்த முதல் அட்டவணையோடு நின்றுவிடுவதால், எந்த டிக் எதற்கு என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தரவு. கூகுள் படிவத்திலிருந்து எடுத்த கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதில்கள் 'முழுதும் ஏற்கிறேன்' என்று சொற்களாக இருந்தால் ஜாஸ்ப் அவற்றைப் பெயரளவு மாறியாக (அளவு இல்லாத வெறும் வகைகளாக) எடுத்துக்கொள்ளும். 1 முதல் 5 வரை எண்ணாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். எதிர்த்திசையில் எழுதப்பட்ட வினாக்களைத் திருப்ப மறக்கக் கூடாது. ஐந்து புள்ளி அளவுகோலில் புதிய மதிப்பு என்பது 6 கழித்தல் பழைய மதிப்பு. தரவுத் தாளின் வலது ஓரத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்திக் கணக்கிடும் நெடுவரிசை ஒன்றை உருவாக்கி இதைச் செய்யலாம். 0.18 பதிப்பிலிருந்து தரவை ஜாஸ்புக்குள்ளேயே திருத்தவும் முடிகிறது.

இதில் அதிகம் சேதம் செய்வது விடுபட்ட பதிலுக்கு 99 அல்லது 999 என்று போடும் பழக்கம். அதை விடுபட்ட மதிப்பு என்று அமைப்புகளில் அறிவிக்காவிட்டால், ஜாஸ்ப் அதையும் ஒரு மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு வினாத்தொகுப்பையும் நிரப்பாமல் விட்டிருந்தால் அவருக்கு இரண்டிலும் 999. அப்படி மூன்று பேர் இருந்தாலே உறவே இல்லாத இரண்டு மாறிகளுக்கிடையே 1-ஐ ஒட்டிய கெழு வந்து நிற்கும். 0.97 என்ற கெழுவைப் பார்த்து மகிழ்வதற்கு முன் டிஸ்கிரிப்டிவ்ஸ் பகுதியில் அதிகபட்ச மதிப்பைப் பாருங்கள். உளவியல் அளவுகோல்களுக்கிடையே அவ்வளவு உயர்ந்த எண் இயல்பாக வராது.

பயிற்சிக்குச் சொந்தத் தரவு தேவையில்லை. கோப்புப் பட்டியில் உள்ள டேட்டா லைப்ரரியில் ஐந்து ஆளுமைப் பண்புகளின் தரவு இருக்கிறது: 500 பேர், ஐந்து மாறிகள், ஆக பத்து இணைகள். ரெக்ரெஷன் பட்டியின் கீழ் கிளாசிக்கல் வகையில் கோரிலேஷன் என்பதைத் திறந்து ஐந்தையும் வலப்பெட்டிக்கு இழுத்தால் அட்டவணை உடனே வந்துவிடும். உணர்ச்சி நிலையின்மைக்கும் புறமுகத்தன்மைக்கும் எதிர்மறை ஒட்டுறவு இருப்பதைப் பார்க்கலாம்.

இனி டிக் போட வேண்டியவை. கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்ஸ் (நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மைக் கெழு இருக்கக்கூடிய வரம்பு) கட்டாயம். சாம்பிள் சைஸ் கட்டாயம், ஏனென்றால் விடுபட்ட மதிப்புகளை ஜாஸ்ப் இணை இணையாகத்தான் நீக்குகிறது. அதனால் அட்டவணையின் ஒரு கட்டத்தில் 142 பேர், பக்கத்துக் கட்டத்தில் 97 பேர் என்று இருக்கக்கூடும். அந்த 45 பேர் ஏன் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்பதே தனி ஆய்வுக் கேள்வி. எல்லாக் கட்டத்திலும் ஒரே ஆட்கள் வேண்டுமென்றால் லிஸ்ட்வைஸ் (எதையாவது விட்டவரை முழுதாகவே நீக்குவது) என்று மாற்றலாம். ஆனால் பல மாறிகள் இருந்தால் பாதிப்பேர் போய்விடுவார்கள். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதுவது முக்கியம்.

அடுத்து ஸ்கேட்டர் பிளாட்ஸ், அதாவது ஒவ்வோர் ஆளையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சிதறல் படம். இதை விட்டுவிட்டு எழுதப்பட்ட எந்த ஒட்டுறவு முடிவையும் நம்புவதற்கில்லை. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் காட்டிய நான்கு சிறு தரவுத் தொகுதிகளை ஜாஸ்பில் தட்டச்சு செய்து பார்ப்பது ஒரு மணி நேர வகுப்புக்குச் சமம். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். முதல் மாறியின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.50, கெழு நான்கிலும் 0.816. அட்டவணையில் பார்த்தால் நான்கும் ஒன்றே. சிதறல் படத்தில் பார்த்தால் முதலாவது சாதாரண நேர்கோட்டு உறவு, இரண்டாவது வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கச்சிதமான கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் பேருக்கும் முதல் மாறியின் மதிப்பு 8, ஒருவருக்கு மட்டும் 19. அந்த ஒருவரை எடுத்துவிட்டால் கெழுவைக் கணிக்கவே முடியாது. தரவுத் தாளின் மேல் மூலையில் உள்ள வடிகட்டிக் குறியை அழுத்தி அந்த ஒரு வரிசையை விலக்கிப் பாருங்கள். முடிவு தானாக மாறும். ஜாஸ்பின் மிக நல்ல அம்சம் இதுதான்: தரவிலோ வடிகட்டியிலோ கை வைத்தவுடன் எல்லா அட்டவணையும் படமும் கூடவே மாறுகின்றன.

வளைகோடு இருந்தால், ஜாஸ்ப் இயல்பாகத் தரும் பியர்சன் கெழுவை விட்டு, மதிப்புகளின் வரிசையை மட்டும் ஒப்பிடும் ஸ்பியர்மன் கெழுவுக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வளைவு ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ ஸ்பியர்மனும், அதே வகையைச் சேர்ந்த கெண்டாலும் உதவும். ஏறி இறங்கும் உறவுக்கு மூன்றுமே உதவாது. மன அழுத்தம் ஓரளவு கூடும்வரை செயல்திறன் ஏறி, அதற்குமேல் இறங்குவதாக வைத்துக்கொண்டால், கெழு பூச்சியத்தை ஒட்டி வரும். அதைப் பார்த்து உறவு இல்லை என்று எழுதினால் அது தவறு. பியர்சன் சொல்வது நேர்கோட்டு உறவைப் பற்றி மட்டும், மற்ற இரண்டும் சொல்வது ஒரே திசையில் போகும் உறவைப் பற்றி மட்டும்.

நம்பிக்கை இடைவெளிக்கு வருவோம். 50 பேரிடம் 0.30 என்று ஒரு கெழு கிடைத்தால் அதன் 95 சதவீத இடைவெளி 0.02 முதல் 0.53 வரை. பி-மதிப்பு 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே இருக்கும், அதைக் குறிக்கும் நட்சத்திரமும் கிடைக்கும். ஆனால் உண்மை உறவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததாகவோ மிக வலுவானதாகவோ இருக்கலாம் என்பதுதான் அந்த இடைவெளியின் பொருள். அதே 0.30 வெறும் 30 பேரிடம் கிடைத்தால் இடைவெளி -0.07 முதல் 0.60 வரை போகும். 250 பேர் என்றால் 0.18 முதல் 0.41. ஃபெலிக்ஸ் ஷோன்பிரோட்டும் மார்கோ பெரூஜினியும் 2013-இல் செய்த கணினிப் பாவனை ஆய்வில், உளவியலில் வழக்கமாகக் காணும் அளவுள்ள கெழுக்கள் ஏறக்குறைய 250 பேரை எட்டும்போதுதான் நிலைகொள்கின்றன என்று கண்டார்கள். அறுபது பேரை வைத்து ஆய்வு செய்யக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அறுபது பேரிடம் கிடைத்த 0.41-ஐ இரண்டு தசம இடத்துக்கு நம்பக் கூடாது என்றுதான் பொருள்.

ஃபிளாக் சிக்னிஃபிகன்ட் கோரிலேஷன்ஸ் என்ற பெட்டியை டிக் போடாமல் விடுவது நல்லது. நட்சத்திரம் வந்தவுடன் கண் அங்கேயே போய்விடும், கெழுவின் அளவு பின்னுக்குப் போய்விடும். மேலே சொன்ன 500 பேர் தரவில் 0.09 என்ற கெழு கிடைத்தாலே அது 0.05 எல்லையைத் தாண்டிவிடும். அதன் வர்க்கம் 0.0081, அதாவது ஒன்றின் மாறுபாட்டில் ஒரு சதவீதம்கூட மற்றொன்றோடு பகிரப்படவில்லை. இன்னொரு பக்கம், பத்து மாறிகளை இழுத்துப் போட்டால் 45 இணைகள். உறவே இல்லாத மாறிகளாக இருந்தாலும் சராசரியாக இரண்டு இணைகளுக்கு மேல் நட்சத்திரம் விழும். அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பிறகு கருதுகோள் எழுதுவது மோசடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, செய்பவருக்கு அது தெரியாவிட்டாலும்கூட. எந்த இணைகளைச் சோதிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அல்லது 0.05-ஐ 45-ஆல் வகுத்து 0.0011 என்ற எல்லையைக் கையால் பயன்படுத்தலாம்.

அட்டவணை காட்டாத இரண்டு விஷயங்கள் கெழுவைச் சத்தமில்லாமல் சுருக்குகின்றன. ஒன்று அளவுகோலின் நம்பகத்தன்மை, அதாவது அது எவ்வளவு சீராக, பிழையில்லாமல் அளக்கிறது என்பது. சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இலேயே சொன்ன கணக்கு இது: கிடைக்கும் கெழு என்பது உண்மைக் கெழுவை, இரண்டு நம்பகத்தன்மைகளின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. ஓர் அளவுகோலின் நம்பகத்தன்மை 0.70, மற்றதன் நம்பகத்தன்மை 0.60 என்றால் பெருக்கல் 0.42, வர்க்கமூலம் ஏறக்குறைய 0.65. உண்மையான உறவு 0.40 ஆனால் கையில் வருவது 0.26. தமிழில் மொழிபெயர்த்துச் சுருக்கிய வினாத்தொகுப்புகளில் இது அடிக்கடி நேரும். வெளிநாட்டுக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபாவை (நம்பகத்தன்மையைச் சொல்லும் எண்) எடுத்து எழுதுவதால் பயனில்லை. உங்கள் ஆட்களிடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மேல் வலது மூலையின் கூட்டல் குறியில் ரிலையபிலிட்டி தொகுதியை இயக்கினால் ஆல்ஃபா, ஒமேகா இரண்டும் இடைவெளியோடு கிடைக்கும். ஸ்பியர்மனின் திருத்தத்தைச் செய்து கெழுவைப் பெரிதாக்கி எழுதுபவர்கள் திருத்தாத கெழுவையும் பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். நம்பகத்தன்மையின் மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தால் திருத்திய கெழு 1-ஐத் தாண்டிக்கூடப் போகும்.

மற்றொன்று வீச்சு குறைவது. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் பின்னர் படிப்பில் காட்டும் திறனுக்கும் விண்ணப்பித்த எல்லாரிடமும் 0.50 ஒட்டுறவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரிக்கு மேல் எடுத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால், சேர்ந்தவர்களிடம் அது 0.33 ஆகக் குறையும். யாரும் எதையும் தவறாக அளக்கவில்லை. கீழ்ப்பாதி ஆட்கள் தரவில் இல்லை, அவ்வளவுதான். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே வயது என்று எடுத்த தரவில் பலவீனமான கெழுவைக் கண்டு, தேர்வுக்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்று எழுதுபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். ஜாஸ்ப் இதை எச்சரிக்காது, எச்சரிக்கவும் முடியாது. வராத ஆட்களைப் பற்றி எந்த மென்பொருளுக்கும் தெரியாது. உங்கள் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவை) அளவுகோலின் கையேட்டில் உள்ள திட்ட விலக்கத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

பார்ஷியல் அவுட் என்ற சிறு பெட்டிதான் இந்தப் பகுதியிலேயே அதிகம் தவறாகக் கையாளப்படுவது. மூன்றாவது மாறி ஒன்றை அதில் போட்டால், அதன் பங்கை நீக்கிய பகுதி ஒட்டுறவு வருகிறது. அந்த மூன்றாவது மாறி இரண்டுக்கும் பொதுவான காரணமாக இருந்தால் இது சரியான செயல். மார்ஷ்மெல்லோ சோதனை நல்ல எடுத்துக்காட்டு. இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற முடிவு பல ஆண்டுகள் பிரபலமாக இருந்தது. டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்நான் குவான் மூவரும் 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைப் பார்த்தபோது, 15 வயதுச் சாதனையோடு உள்ள தொடர்பு முதல் ஆய்வில் இருந்ததில் பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது அறிதிறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. காத்திருக்கப் பழக்கினால் மதிப்பெண் கூடும் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைக்கு அந்தக் கெழு ஒருபோதும் ஆதாரமாக இருந்ததில்லை.

ஆனால் கிடைத்ததையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் தள்ளுவது அதைவிட ஆபத்து. மூன்றாவது மாறி இரண்டின் விளைவாக இருந்தால், அதன் பங்கை நீக்குவது இல்லாத உறவை உண்டாக்கும். ஜோசப் பெர்க்சன் 1946-இல் மருத்துவமனைத் தரவில் காட்டியது இந்த வகைப் பிழைதான். மனச்சோர்வு, பதற்றம் இரண்டில் எது இருந்தாலும் ஒருவர் சிகிச்சைக்கு வரக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கும்போது இரண்டுக்கும் இடையே உள்ள உறவு வெளியில் உள்ளதைப்போல இருக்காது. மூன்றாவது மாறி இடையில் நின்று விளைவைக் கடத்துவதாக இருந்தால், அதை நீக்குவது நாம் தேடிய விளைவையே அழித்துவிடும். எது பொதுக் காரணம், எது இடைநிலை, எது விளைவு என்பதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டு, அதன் பிறகு பெட்டியைத் தொடுங்கள். ஜாஸ்பில் அந்தத் தாளுக்கு இடம் இல்லை.

திரை நேரமும் பதின்வயதினரின் மனநலமும் என்ற விவாதம் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019-இல் அமெரிக்கா, பிரிட்டனின் மூன்று பெரிய கணக்கெடுப்புகளை, மொத்தம் 3,55,358 பதின்வயதினரின் பதில்களை, ஆராய்ந்தார்கள். எந்த வினாவை எடுப்பது, எதைக் கட்டுப்படுத்துவது என்ற நியாயமான தேர்வுகள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்தபோது உறவு எதிர்மறையாகத்தான் இருந்தது. ஆனால் நல்வாழ்வின் மாறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே அது விளக்கியது. கெழுவாகச் சொன்னால் 0.06-ஐ ஒட்டிய அளவு. அதே தரவில் உருளைக்கிழங்கு அடிக்கடி உண்பதற்கும் நல்வாழ்வோடு ஏறக்குறைய அதே அளவு எதிர்மறை உறவு இருந்தது. இத்தனை லட்சம் பேர் இருக்கும்போது பி-மதிப்பு மிகச் சிறியதாகத்தான் வரும். திரை மனச்சோர்வைத் தருகிறதா, சோர்ந்தவர்கள் திரையைத் தேடுகிறார்களா, தூக்கமின்மை இரண்டையும் இழுக்கிறதா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பின் கெழு பிரித்துக் காட்டாது. இதனால் திரை தீங்கற்றது என்று நிரூபணமாகிவிடவும் இல்லை. சராசரியில் சிறிய உறவு, ஒரு குறிப்பிட்ட குழந்தைக்குப் பெரிய பாதிப்பாக இருக்க இடமுண்டு.

இங்கேதான் மட்டம் மாறும் பிழை வருகிறது. வில்லியம் ராபின்சன் 1950-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் இடையே தனிநபர் மட்டத்தில் கெழு 0.118. மாநிலங்களை அலகாக எடுத்தால் அது -0.526. குறியே மாறிவிடுகிறது, ஏனென்றால் குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியமர்ந்தார்கள். உளவியலில் இதன் இணை, ஆட்களுக்கிடையே உள்ள உறவையும் ஒரே ஆளுக்குள் உள்ள உறவையும் குழப்புவது. வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் பொதுவாகக் குறைவாகப் பிழை செய்வார்கள், அவர்களுக்குப் பயிற்சி அதிகம். ஆனால் அதே ஒருவர் தன் வழக்கத்தைவிட வேகம் கூட்டினால் பிழை கூடும். நாட்குறிப்பு வகை ஆய்வில் 40 பேர் 14 நாள் பதில் எழுதினால் 560 வரிசைகள் வரும். அதை அப்படியே கோரிலேஷன் பெட்டியில் போட்டால் ஜாஸ்ப் தயக்கமில்லாமல் 560 பேர் என்று எடுத்துக்கொண்டு இடைவெளியைப் பொய்யாகக் குறுக்கிக் காட்டும். ஆளுக்கு ஒரு சராசரி எடுத்து 40 வரிசையாக்குவது ஒரு வழி. அது ஆட்களுக்கிடையே உள்ள உறவை மட்டும் சொல்லும். ஆளுக்குள் நடப்பதை அறிய மிக்ஸ்டு மாடல்ஸ் பட்டிக்குத்தான் போக வேண்டும்.

குழுக்கள் கலந்த தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆண்கள், பெண்கள் இரு குழுவிலும் தனித்தனியே உறவு இல்லாமல், சராசரிகள் மட்டும் வேறாக இருந்தால், சேர்த்துப் பார்க்கையில் உறவு தோன்றும். டிஸ்கிரிப்டிவ்ஸ் பகுதியில் ஸ்பிளிட் பெட்டியில் குழு மாறியைப் போட்டுச் சிதறல் படம் வரைந்தால் நிறம் பிரித்துக் காட்டும். கோரிலேஷன் பகுதிக்குள்ளேயே இந்த வசதி இருந்திருக்க வேண்டும். இரண்டு இடத்துக்கு மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால் பலர் இதைச் செய்வதே இல்லை.

பேயீசியன் கோரிலேஷன் ஜாஸ்பின் தனிச் சிறப்பு. எஸ்பிஎஸ்எஸ்ஸில் பழகியவர்கள் பி-மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் உறவு இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆதாரம் போதவில்லை என்பதா, இல்லை என்பதற்கே ஆதாரம் இருக்கிறதா என்பதைப் பி-மதிப்பு பிரிக்காது. உறவு உண்டு, இல்லை என்ற இரண்டில் எதற்குத் தரவு எத்தனை மடங்கு அதிகம் பொருந்துகிறது என்று சொல்லும் பேயீசியக் காரணி பிரிக்கும். 3-க்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே வந்தால் தரவு எந்தப் பக்கமும் சாயவில்லை என்று கொள்ளலாம். இயல்பமைப்பில், தரவைப் பார்ப்பதற்கு முன் -1 முதல் 1 வரை எல்லாக் கெழுவும் சமவாய்ப்பு என்று முன்னனுமானம் வைக்கப்பட்டிருக்கிறது. உளவியலில் 0.8, 0.9 எல்லாம் அரிது என்பதால் அந்த முன்னனுமானத்தின் அகலத்தைக் குறைத்தும் பார்க்க வேண்டும். ரோபஸ்ட்னெஸ் செக் படம் அதை ஒரே பார்வையில் காட்டும். காரணி 100 வந்தாலும் காரணகாரியம் நிரூபணமாகவில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெனு தமிழில் இல்லை. மாறிகள் அதிகமானால் சிதறல் படங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடுகின்றன. நான்கு நான்காகப் பிரித்து ஓட்டுவது நல்லது. பழைய கணினியில் திறக்க நேரமெடுக்கும். தரவை அடிக்கடி தட்டச்சு செய்து திருத்துபவர்களுக்கு, ஜாஸ்பில் முன்பு பணியாற்றியவர்கள் தொடங்கிய ஜாமோவி கைக்கு இன்னும் இசைவாக இருக்கும், அதுவும் இலவசம். ஆய்வைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவர்கள் புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியைக் கற்றுக்கொள்வதே நல்லது. ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் வழிகாட்டும் ஆசிரியருக்கும் எங்கள் பரிந்துரை ஜாஸ்ப்தான். தரவு, தேர்வுகள், முடிவு எல்லாம் ஒரே கோப்பில் சேமிக்கப்படுவதால், வழிகாட்டி அதைத் திறந்து எந்த டிக் விடுபட்டது என்று நேரடியாகப் பார்க்க முடிகிறது.

முடிவை எழுதும்போது இந்த அளவு இருந்தால் போதும்: 'இந்த 50 பேரிடம் தனிமையுணர்வுக்கும் கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் பியர்சன் கெழு 0.30, 95 சதவீத இடைவெளி 0.02 முதல் 0.53, சிதறல் படத்தில் வளைவோ தனித்து நிற்கும் புள்ளியோ இல்லை, இரண்டும் ஒரே நாளில் சுயமதிப்பீட்டில் அளக்கப்பட்டவை.' இதற்குப் பிறகு வரும் வாக்கியத்தில் 'தாக்கம்', 'விளைவு', 'காரணமாக' என்ற சொற்களில் எது இருந்தாலும் அதை அடித்துவிட்டு 'தொடர்பு' என்று எழுதுங்கள். தலைப்பிலும் அப்படியே மாற்றுங்கள்.